பயோ ரிசல்ட்ஸ் வந்திட்டுது, யாழ் கம்பஸை முதலாவதாப் போடலாமோ?

பருத்துறைப் பிள்ளை:
எல்லாருக்கும் வணக்கம். இந்தமுறை ஏ.எல் (உயர்தரப் பரீட்சை) பயோ எடுத்தனான், மெடிசினுக்கு இசட் ஸ்கோர் (கம்பஸுக்கு ஆள் எடுக்கப் பாக்கிற புள்ளி) காணாது எண்டு தெளிவாத் தெரிஞ்சு போச்சு, திருப்பி எடுக்கச் சொல்லி வீட்டிலயும் நெருக்கேல்ல எனக்கும் மனமில்லை. இப்ப யூ.ஜீ.சின்ர (பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு) கம்பஸ் அனுமதி ஹான்ட்புக்கை மடியில வைச்சுக்கொண்டு மூண்டு நாளா முழுசிக்கொண்டிருக்கிறன். அப்பா சொல்லுறார் யாழ்ப்பாணத்தையே எல்லாத்துக்கும் முதல் போடு பிள்ளை, 750 பஸ் வாசலால போகுது, பின்னேரம் வீட்ட வந்திடலாம் எண்டு. ரியூசன் சேர் சொல்லுறார் பேராதனை இல்லாட்டி கொழும்பு போட்டாத்தான் உலகம் தெரியும் எண்டு. மாமி ஒராள் லண்டனில இருந்து போன் எடுத்து "யாழ்ப்பாண டிகிரிக்கு மதிப்பிருக்கோ" எண்டு கேட்டு என்ர தலையை நல்லாக் குழப்பி விட்டிட்டா. அங்க படிச்ச ஆக்கள், இப்ப படிக்கிற ஆக்கள் இருந்தா உண்மையைச் சொல்லுங்கோ. உள்ளுக்க என்ன வசதி இருக்கு, வெளிநாடு கிளிநாடு போற வாய்ப்பு ஏதும் வருமோ, சிங்களப் பிள்ளையளும் படிக்கினமாமே, எல்லாம் இங்கிலிசிலதானோ? நான் தமிழ் மீடியம்.

கலட்டிச் சந்தி:
தங்கச்சி முதல்ல ஒரு விசயம், ஹான்ட்புக்கில "யாழ்ப்பாணம்" எண்டு கண்ட உடன எல்லாமே திருநெல்வேலியில எண்டு நினைச்சுப் போடாதேங்கோ. வருசா வருசம் ஆராவது ஒராள் உதில மாட்டுப்படுறது. விவசாயம், இஞ்சினியரிங், ரெக்னோலொஜி மூண்டும் கிளிநொச்சி அறிவியல் நகரில இருக்கு. யாழ்ப்பாணத்தில இருந்தே அது 65 கிலோமீற்றர் வரும், பருத்தித்துறையில இருந்து தினம் போய் வாறதெல்லாம் நடக்காத காரியம், அங்கதான் தங்கோணும். சித்த மருத்துவம் கைதடியில. சயன்ஸ், ஆர்ட்ஸ், மனேஜ்மென்ட் இதுகள்தான் திருநெல்வேலி. இசை, நடனம், சித்திரம் படிக்கிறவை மருதனார்மடம். வவுனியாவை இப்ப யாழ்ப்பாணத்தோட சேத்துப் பாக்காதேங்கோ, 1997இல இருந்து எங்கட வளாகமா இருந்தது, 2021 ஓகஸ்ட் 1இல இருந்து அது தனிப் பல்கலைக்கழகம், பழைய ஹான்ட்புக் வைச்சிருக்கிற அண்ணாமாரிட்டக் கேட்டா பிழையாச் சொல்லுவினம்.

அடுத்தது, நீங்கள் போடுற ஒழுங்கு முக்கியம். உங்கட இசட் ஸ்கோருக்கு எட்டுறதுகளுக்குள்ள எதை மேல போட்டிருக்கிறீங்களோ அதைத்தான் யூ.ஜீ.சி தரும். பயத்தில கிடைக்கக்கூடியதை மேல போட்டிட்டு பிறகு அழுதவையைக் கண்டிருக்கிறன். உண்மையா விருப்பமானதை மேல போடுங்கோ, எட்டாட்டி அடுத்ததுக்குத் தானா இறங்கும், ஒரு நட்டமும் இல்லை.

பயோ சயன்ஸ் எண்டா சாதாரண பட்டம் மூண்டு வருசம், சிறப்புப் பட்டம் நாலு. சிறப்புக்குப் போறது முதல் ரெண்டு வருச ரிசல்ட்ஸைப் பாத்துத்தான். அதாலை முதல் வருசத்தை "இப்பதானே ஏ.எல் முடிஞ்சது, கொஞ்சம் இளைப்பாறுவம்" எண்டு விட்டீங்களோ, அதோட சரி. நான் விட்டனான் 😅

பழைய பெல்பொட்டம்:
மகள், லண்டன் மாமியிட்ட ஒண்டு கேளுங்கோ, அவவின்ர தகப்பன் காலத்தில வடக்கில பல்கலைக்கழகம் எண்ட ஒரு சாமான் இருந்ததோ எண்டு. இருக்கேல்ல. கொழும்புக்கோ பேராதனைக்கோ போகோணும், 70களின்ர தொடக்கத்தில தரப்படுத்தல் வந்து எங்கட பெடியளுக்கு வெட்டுப்புள்ளி ஏறி அந்தக் கதவும் பாதி சாத்தின மாதிரி. தமிழ்ப் பல்கலைக்கழகம் வேணும் எண்டு கேட்டுக் கேட்டு ஒரு தலைமுறை போச்சு, எங்க வைக்கிறது எண்டதிலயே பெரிய இழுபறி, திருக்கோணமலையிலதான் வேணும் எண்டு கேட்ட ஆக்கள் ஒரு பக்கம் யாழ்ப்பாணத்தில எண்டவை மற்றப் பக்கம். கடைசியில 1974 ஒக்ரோபரில அப்பத்தைய பிரதமர் சிறிமா அம்மையார் வந்து யாழ்ப்பாணத்தில திறந்து வைச்சவ. அப்ப இலங்கை முழுக்க ஒரே ஒரு பல்கலைக்கழகம்தான், மற்றதெல்லாம் அதின்ர வளாகங்கள், எங்கட ஆறாவது. உதாலதான் நாங்கள் இண்டைக்கும் "யூனிவேசிற்றி" எண்டு சொல்லுறேல்ல "கம்பஸ்" எண்டுறம். 1978ஆம் ஆண்டுச் சட்டத்தோட 1979 ஜனவரி 1இல தனிப் பல்கலைக்கழகமாப் போச்சு, பேர் மட்டும் வாயில ஒட்டினது ஒட்டினதுதான்.

புதுக் கட்டடம் கட்டித் தொடங்கினதும் இல்லை. சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1921இல தொடங்கின பரமேஸ்வராக் கல்லூரி வளவுதான் திருநெல்வேலியில, கல்லூரிக் கோயிலும் அங்கதான் இருக்கு, சோதனைக்கு முதல் நாள் அங்க நிக்கிற சனத்தைப் பாத்தா கடவுளுக்கே பாவமா இருக்கும். சயன்ஸ் வட்டுக்கோட்டையில யாழ்ப்பாணக் கல்லூரி பட்டப்படிப்புப் பகுதி இருந்த இடத்தில தொடங்கி பிறகுதான் இஞ்சால வந்தது. மெடிசின் 1978இல, அதுவும் முதலில கைதடியிலதான். வளாகத்துக்கு முதல் தலைவர் கைலாசபதி, அப்ப அந்த மனிசனுக்கு நாப்பத்தொரு வயசுதான், இப்ப அவற்ற பேரில கலையரங்கு இருக்கு. முதல் துணைவேந்தர் வித்தியானந்தன், நாட்டுக்கூத்தை மேடைக்குக் கொண்டந்த அதே மனிசன்தான்.

எனக்கு ஆகலும் பிடிச்ச ஆள் துரைராஜா. 1988இல இருந்து துணைவேந்தர். கேம்பிரிட்ஜில மண் பொறியியலில கலாநிதிப் பட்டம் எடுத்தவர். பொருளாதாரத் தடையில பெற்றோல் இல்லாத காலம், அந்தாள் சைக்கிளில வருவார், துணைவேந்தர் சைக்கிளில வந்தா மாணவன் பஸ் இல்லை எண்டு என்னெண்டு சொல்லுறது? 1994இல செத்துப் போனார். அவர் ஒரு இஞ்சினியர், ஆனா யாழ்ப்பாணத்துக்கு இஞ்சினியரிங் பீடம் வர அதுக்குப் பிறகு கிட்டத்தட்ட இருவது வருசம் எடுத்தது, அதை நினைச்சா எனக்கு இப்பவும் ஒரு மாதிரித்தான் இருக்கும்.

மழைக்கோட்டு:
ஐயா வரலாறு நல்லா இருக்கு ஆனா பிள்ளை கேட்டது போம் நிரப்புற கேள்வி 🙂 அதோட 81இல எரிச்ச லைபிரரி இந்தக் கம்பஸ் லைபிரரி எண்டு வெளிநாட்டுப் பிள்ளையள் கனபேர் நினைக்கினம். அது ரவுணில இருக்கிற பொது நூலகம், கம்பஸ் நூலகம் வேற.

பழைய பெல்பொட்டம்:
தம்பி மழைக்கோட்டு, மதிப்பிருக்கோ எண்டு கேட்ட கேள்விக்குத்தான் மறுமொழி சொன்னனான். 1995 ஒக்ரோபர் 30 இரவு முழு யாழ்ப்பாணமும் சண்டையால இடம்பெயர்ந்து நடக்கேக்க கம்பஸும் சேர்ந்துதான் நடந்தது. 96இல திரும்பி வந்து விட்ட இடத்தில இருந்து தொடங்கினவை. விவசாய பீடம் 1990இல கிளிநொச்சியில தொடங்கி, சண்டையில இடம்பெயர்ந்து, சண்டை முடிஞ்சு கன காலத்துக்குப் பிறகு திரும்பக் கிளிநொச்சிக்கே போனது. அப்பிடி ஓடி ஓடிக் குடுத்த டிகிரியை வைச்சுக்கொண்டு எத்தினை டொக்டர்மார் லண்டனிலயே வேலை செய்யினம், மாமி ஆஸ்பத்திரிக்குப் போகேக்க பேரைப் பாக்கச் சொல்லுங்கோ.

கண்டிக்குப் போனவள்:
நான் கொஞ்சம் மாறிச் சொல்லப் போறன், ஒருத்தரும் கோவிக்காதேங்கோ. நான் கொக்குவில், கம்பஸுக்கு நடந்து போற தூரம், ஆனா பேராதனை போட்டுப் போனனான். யாழ்ப்பாணம் குறைவு எண்டு இல்லை, வீடு கிட்ட இருக்கிறதுதான் பிரச்சினை. என்னோட படிச்ச பிள்ளையள் கம்பஸுக்குப் போய் லெக்சர் கேட்டிட்டு மூண்டு மணிக்கு வீட்ட, அம்மா சோறு போட, பின்னேரம் பக்கத்துப் பிள்ளையளுக்கு ரியூசன் குடுக்க, கோயில் திருவிழா, சாமத்திய வீடு, கலியாண வீடு எல்லாத்துக்கும் ஆஜர். நாலு வருசம் போனதே தெரியேல்ல, ஏ.எல்லின்ர பதின்நாலாம் வகுப்பு மாதிரித்தான் இருந்தது எண்டு அவையளே சொல்லுவினம். நான் முதல் ஆறு மாசம் சிங்களம் தெரியாம கன்ரீனில கையைக் காட்டிச் சாப்பாடு வாங்கினனான், ஒவ்வொரு இரவும் அழுகை, ஆனா மூண்டாம் வருசம் ஆரும் இல்லாம ஒரு கொம்பனிக்குப் போய் ட்ரெயினிங் கேட்டு வாங்கிற துணிவு அங்கதான் வந்தது. தங்கச்சி வீட்ட இருந்து போறதெண்டாலும் பரவாயில்லை, பின்னேரத்தை மட்டும் வீட்டுக்குக் குடுத்திடாதேங்கோ.

ஒரு சாம்பிள் கொப்பி:
இப்ப சயன்ஸில மூண்டாம் வருசம் படிக்கிறன். அக்கா சொன்னது பாதி சரி. ஆனா இப்ப சிங்களம் பழக கண்டிக்குப் போகத் தேவையில்லை, என்ர வருசப் பச்சில தென்பகுதிப் பிள்ளையள் கனபேர், முஸ்லிம் பிள்ளையளும் இருக்கினம், லாப்பில பக்கத்தில நிக்கிறவள் மாத்தறை. அவள் என்னட்ட "எண்டு" எண்டு கதைக்கப் பழகிட்டாள், நான்தான் இன்னும் சிங்களத்தில தட்டுத்தடுமாறுறன். படிப்பு முழுக்க இங்கிலிஸ்தான், அதில மாற்றமில்லை. தமிழ் மீடியத்தில வந்த எல்லாருக்கும் முதல் செமஸ்டர் கண்ணைக் கட்டிக் காட்டில விட்ட மாதிரித்தான், நீங்கள் மட்டும் இல்லை. என்ர வழி என்னெண்டா ஏ.எல் பயோ நோட்ஸில இருக்கிற ஒவ்வொரு தமிழ்ச் சொல்லுக்கும் பக்கத்தில இங்கிலிஸ் சொல்லை இப்ப இருந்தே எழுதி வைக்கிறது. இடைவேளை மாசக் கணக்கில இருக்கு, படம் பாத்து முடிக்காதேங்கோ.

வாய்ப்பு எண்டு கேட்டீங்கள். பௌதிகவியல் ஆக்களுக்கு நோர்வேப் பல்கலைக்கழகத்தோட சேர்ந்து சூரிய சக்தி, நனோ பொருட்கள் பக்கம் ஆராய்ச்சியும் மாணவர் பரிமாற்றமும் நடந்திருக்கு. பயோவுக்கு இஞ்சயே காணி முழுக்க ஆய்வுகூடம்தான், சுண்ணாம்புக்கல்லுக்குள்ள இருக்கிற எங்கட கிணத்துத் தண்ணி, அதில உரத்தால வாற நைத்திரேற்று, பனை, கடல்நீரேரி, இதுகளைக் கொழும்பில இருந்து ஆர் வந்து செய்யிறது? சிறப்புப் பட்டத்தில கடைசி வருசம் ஒரு ஆய்வு செய்து எழுதோணும், அதை உங்கட ஊர்க் கிணத்திலயே செய்யலாம். பல்கலைக்கழக சர்வதேச ஆய்வு மாநாட்டை "ஜூஸ்" எண்டுவினம், முதல் வருசத்தில ஏதோ குடிக்கத் தரப்போகினம் எண்டு நம்பிப் போனவன் ஒருத்தனை எனக்குத் தெரியும் (நான் இல்லை). மீன்பிடியியலுக்கும் சயன்ஸில தனித் துறை இருக்கு, பருத்தித்துறைப் பிள்ளைக்கு அதை நான் சொல்லித் தெரியோணும் எண்டில்லை.

பருத்துறைப் பிள்ளை:
எல்லாருக்கும் நன்றி, அழுகை வருது. மீன்பிடியியல் துறை இருக்கெண்டு சத்தியமா எனக்குத் தெரியாது, அப்பா போட் வைச்சிருக்கிறவர், அவரிட்டச் சொன்னா "மீன் பிடிக்கவும் டிகிரியோ" எண்டு சிரிப்பார். இன்னும் ரெண்டு கேள்வி. காசு எவ்வளவு முடியும்? மற்றது ராகிங்?

கலட்டிச் சந்தி:
படிப்புக் காசு இல்லை, இலவசக் கல்விதானே. பஸ், போட்டோக்கொப்பி, சாப்பாடு, கொஞ்சம் உடுப்பு. மகாபொல எண்ட அரச உதவித்தொகை கிடைச்சா முந்தி மாசம் 5,000 ரூபா, 2025 பட்ஜெட்டில 7,500 ஆக்கினவை. அது கிடைக்காதவைக்கு பர்சரி எண்டு இன்னொரு உதவித்தொகை, ரெண்டையும் சேத்து எடுக்கேலாது. வருமானத்துக்கு ஜீ.எஸ்ஸிட்ட (கிராம சேவகர்) கையெழுத்து வாங்கிற கடதாசியளை இப்பவே ஆயத்தப்படுத்துங்கோ, கடைசி நாளில அவர் கந்தோரில இருக்கமாட்டார், இது எல்லா ஊருக்கும் பொது. ஒண்டு மட்டும், மகாபொல மாசம் மாசம் திகதிக்கு வரும் எண்டு நம்பி சீட்டுப் பிடிக்காதேங்கோ, பிந்தித்தான் வரும்.

கண்டிக்குப் போனவள்:
ராகிங் இலங்கையில எந்தக் கம்பஸிலயும் இல்லை எண்டு சொன்னா பொய். ஆனா 1998ஆம் ஆண்டு 20ஆம் இலக்கச் சட்டப்படி அது குற்றம், மறியல் (சிறை) வரைக்கும் போகலாம். "சீனியர்மார் உதவி செய்யமாட்டினம், நோட்ஸ் தரமாட்டினம்" எண்டு வெருட்டுறதுதான் பெரிய ஆயுதம். நோட்ஸ் எல்லாம் இப்ப வட்ஸ்அப்பில சுத்துது, அந்த வெருட்டல் எடுபடாது. நடந்தா திகதி, நேரம், ஆள் எழுதி வைச்சு முறைப்பாடு செய்யுங்கோ, யூ.ஜீ.சிக்கு நேரடியாவும் செய்யலாம். வீட்டில மறைக்காதேங்கோ.

மழைக்கோட்டு:
நான் ஒண்டு கேக்கிறன், உந்தக் கம்பஸ் சின்னத்தில என்ன எழுதியிருக்கெண்டு இஞ்ச எத்தினை பேருக்குத் தெரியும்? நாலு வருசம் அடையாள அட்டையில கொழுவித் திரிஞ்சிட்டு இப்பதான் வாசிச்சுப் பாத்தன்.

பழைய பெல்பொட்டம்:
"மெய்ப்பொருள் காண்பது அறிவு". குறள் 423. ஆர் சொன்னாலும் அப்பிடியே எடுக்காத, நீயே பார் எண்டுதான் வள்ளுவர் சொல்லுறார், லண்டன் மாமி சொன்னாலும் சரி நான் சொன்னாலும் சரி.

பருத்துறைப் பிள்ளை:
அப்பா சிரிக்கேல்ல. "அங்க படிச்சா சூடை மீன் ஏன் முந்தி மாதிரிக் கரைக்கு வருதில்லை எண்டு சொல்லித் தருவினமோ" எண்டு கேட்டார். எனக்கு மறுமொழி தெரியேல்ல. பயோ சயன்ஸ் யாழ்ப்பாணம் முதலாவது, பேராதனை ரெண்டாவது, விவசாயம் மூண்டாவது எண்டு பென்சிலால எழுதி வைச்சிருக்கிறன், ஒன்லைனில போட இன்னும் நாள் இருக்கு. சாம்பிள் கொப்பி அக்காவோ அண்ணாவோ தெரியாது, மீன்பிடியியலுக்கு முதல் வருசத்தில என்ன பாடம் எடுக்கோணும் எண்டு இன்பொக்ஸில சொல்லுவீங்களோ?

ஒரு சாம்பிள் கொப்பி:
அக்காதான். நாளைக்கு லாப் முடிய எழுதுறன்.