திரி: ஸ்டெம் செல் ஊசியும் "60-ல் 53"-ம்

கரிசல்காரன்:
எலும்புநேசன் நேற்று எழுதியது: "எலும்பு சிகிச்சையில் ஸ்டெம் செல் ஊசி, அதாவது புது எலும்பாக வளரக்கூடிய செல்லை ஏற்றும் ஊசி, வந்த பிறகு தட்டு, கம்பி, மாற்று மூட்டெல்லாம் பழைய காலத்துச் சமாச்சாரம்." படித்ததும் காபி புரையேறியது. என் மச்சானுக்குத் தொடை எலும்பின் பந்துக்கு ரத்தம் போகாமல் செத்துக்கொண்டு வந்தது. ஒரு கிளினிக்கில் இந்த ஊசிதான் போட்டார்கள். ரசீதில் 'ஸ்டெம் செல் பேக்கேஜ்' என்று ஒரே வரி. எத்தனை செல், என்ன செல் என்று மூச்சே இல்லை. பதினாலு மாதத்தில் பந்து நசுங்கி, மாற்று மூட்டுதான் வைத்தோம்.

எலும்புநேசன்:
உங்கள் மச்சான் ஒருவர். நான் சொல்வது 60 பேர். பிரான்சில் ஃபிலிப் எர்னிகூ, 2005. முழங்காலுக்குக் கீழே முறிந்து, கூடாமலே நின்றுபோன எலும்பு. இடுப்பெலும்பில் மஜ்ஜையை உறிஞ்சி, சுழற்றி அடர்த்தியாக்கி, முறிந்த இடத்தில் ஊசியாக ஏற்றினார். 53 பேருக்குக் கூடிவிட்டது. 60-ல் 53. கழித்தல் கணக்கு தெரியும்தானே?

ஆய்வகத்து அக்கா:
ஊசி போடாத குழு ஒன்று பக்கத்தில் இருந்ததா?

எலும்புநேசன்:
எத்தனையோ மாதம் கூடாத எலும்பு ஊசிக்குப் பிறகு கூடியது மேடம். அந்த மாதங்களே ஒப்பீடு. 60-ல் 53.

ஆய்வகத்து அக்கா:
கூடாத 7 பேரைப் பற்றியும் அதே கட்டுரையில் இருக்கிறது. அவர்களுக்கு ஏற்றிய மஜ்ஜையில் எலும்பாக வளரும் முன்னோடி செல்கள் குறைவு. மஜ்ஜையில் 10,000 செல்லுக்கு அப்படி ஒன்று தேறினாலே அதிகம். அதிலும் ஒரே இடத்தில் ஊசியை வைத்து 2 மில்லிக்கு மேல் இழுத்தால் வருவது பெரும்பாலும் ரத்தம்தான். ஊசியைத் திருப்பித் திருப்பி, இடம் மாற்றி, கொஞ்சம் கொஞ்சமாக இழுக்க வேண்டும். கரிசல் அண்ணன் மச்சானுக்கு ஒரே குத்தில் சிரிஞ்சை நிரப்பியிருப்பார்கள். எர்னிகூ போட்டதை 'ஸ்டெம் செல் ஊசி' என்னாமல் மஜ்ஜை ஊசி என்று சொல்லுங்கள், ஒத்துக்கொள்கிறேன்.

எலும்புநேசன்:
பெயரில் என்ன இருக்கிறது? 60-ல் 53 இருக்கிறது.

வேப்பமரம்:
பெயரில்தான் எல்லாம் இருக்கிறது. குருத்தணு என்று அழகான சொல் இருக்க, 'ஸ்டெம் செல்' எதற்கு?

மொட்டைமாடி:
'மூல உயிரணு' என்றுதானே சொல்கிறார்கள்? குருத்து வாழைக்கு.

வேப்பமரம்:
மூலம் என்றால் வேறு வியாதி தம்பி.

ஆய்வகத்து அக்கா:
மஜ்ஜையில் எலும்பாக வளரும் இந்த செல்லுக்கு 1991-ல் 'மீசன்கைமல் ஸ்டெம் செல்' என்று பெயர் வைத்த ஆர்னால்ட் கேப்லனே 2017-ல் அந்தப் பெயரை மாற்றச் சொல்லிக் கட்டுரை எழுதினார். நீங்கள் இருவரும் மொழிபெயர்த்து முடிப்பதற்குள் அசலே போய்விடும்.

பச்சிலை:
புத்தூர் கட்டும் பிரண்டைத் துவையலும் இருக்கும்போது பிரான்சு எதற்கு?

எலும்புநேசன்:
வந்துவிட்டார்! போன வருடம் பிரண்டைத் திரியில் நான் ஒரே ஒரு ஆய்வு கேட்டேன். அன்று ஓடியவர்தானே நீங்கள்? என்னிடம் 60-ல் 53 இருக்கிறது. உங்களிடம் 1-ல் எத்தனை?

பச்சிலை:
ஓடவில்லை. வீட்டில் விசேஷம்.

கரிசல்காரன்:
பிரண்டையை விடுங்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐசிஎம்ஆர்) 2017-ல் என்ன சொன்னது? ரத்த நோய்களுக்கான மஜ்ஜை மாற்று போன்ற அங்கீகரித்த சிகிச்சை போக, ஸ்டெம் செல் என்று எதைச் செய்தாலும் அது முறைப்படி அனுமதி பெற்ற ஆய்வாக இருக்க வேண்டும். என் மச்சானிடம் கையெழுத்து வாங்கியது ஆய்வுக்கா? கார்டு தேய்க்கத்தான் வாங்கினார்கள். அவன் கேட்கிறான், "அந்த 53-ல் நான் ஏன் இல்லை?"

எலும்புநேசன்:
ஏனென்றால் அவருடையது தொடைப் பந்து. நான் சொன்னது முறிவு. இரண்டையும் குழப்பியது நீங்கள்.

ஆய்வகத்து அக்கா:
சரி சார். அப்படியானால் 'மாற்று மூட்டு பழைய காலம்' என்று எழுதிய கை யாருடையது? முறிவுக்கு யார் மூட்டு மாற்றச் சொன்னார்கள்?

எலும்புநேசன்:
ஒரு வார்த்தையைப் பிடித்துத் தொங்குவதே உங்கள் வழக்கம். பால்-கால்சியம் திரியிலும் இதையேதான் செய்தீர்கள். நாளை விரிவாக எழுதுகிறேன், மூன்று பாகம். முதல் பாகத்தின் தலைப்பு: 60-ல் 53.

வேப்பமரம்:
தலைப்பிலாவது குருத்தணு என்று போடுங்கள்.