இரட்டையரில் ஒருத்திக்கு மட்டும் முதல் வகை நீரிழிவு ஏன்?

கேள்வி (சுங்கை சிப்புட், தோட்டத்துத் தாய்):
அச்சில் வார்த்தாற்போன்ற என் இரட்டைப் பெண்களில் மூத்தவளுக்கு 9 வயதில் முதல் வகை நீரிழிவு வந்து, நாள்தோறும் நான்கு முறை இன்சுலின் போடுகிறோம். இளையவளுக்கு இன்றுவரை ஒன்றுமில்லை. இனிப்புத் தேநீர் கொடுத்துக் கெடுத்துவிட்டேன் என்று லயத்தில் (தோட்டக் குடியிருப்பு வரிசையில்) பேசுகிறார்கள். இருவருக்கும் மரபணு ஒன்றுதானே?

பதில் 1 (ஓய்வுபெற்ற அறிவியல் ஆசிரியர்):
அம்மா, இந்த நோயை இனிப்பு உண்டாக்குவதில்லை. லயத்துப் பேச்சை விடுங்கள். நோய் எதிர்ப்பு அணுக்களான டி செல்கள், இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்களைப் பகையெனக் கருதி அழிப்பதே காரணம். பரம்பரை அபாயத்தில் ஏறத்தாழப் பாதி, டி செல்களுக்குப் புரதத் துண்டுகளை எடுத்துக்காட்ட உதவும், 6ஆம் குரோமோசோமிலுள்ள எச்எல்ஏ மரபணுக்களைச் சார்ந்தது. ஆயினும் மரபணு இருப்பது வேறு, அது இயங்குவது வேறு. நெஞ்சுக்குள் இருக்கும் தைமஸ் சுரப்பியில் ஏயர் என்னும் மரபணு, இன்சுலின் போன்ற உடற்புரதங்களைச் சிறிதளவு உருவாக்கிக் காட்டி, அவற்றைத் தாக்க முனையும் டி செல்களைக் களையெடுக்கிறது. தப்பியவற்றை அடக்கும் காவல் செல்களுக்கு ஃபாக்ஸ்பி3 மரபணு இயங்க வேண்டும். மேலும், டி செல்கள் பகையை அடையாளம் காண உதவும் ஏற்பிகள், மரபணுத் துண்டுகளைத் தற்செயலாகக் கலைத்துச் சேர்ப்பதால் உருவாகின்றன; எனவே இரட்டையரிடமும் அவை ஒன்றாக இரா. அதனால் ஒருத்திக்கு வந்து மற்றவளுக்கு வராமலும் இருக்கலாம்.

பதில் 2 (ஈப்போ, தாதி):
இளையவளுக்குத் தன்னெதிர்ப்புப் பொருள் (உடல் தன் செல்களையே தாக்குவதைக் காட்டும் புரதம்) இரத்தப் பரிசோதனை செய்வது பற்றிச் சிறப்பு மருத்துவரிடம் கேளுங்கள், அக்கா. டி செல்களின் வேகத்தைத் தணிக்கும் டெப்லிசுமாப் மருந்தை, 8 வயதும் அதற்கு மேலும் ஆனோரிடம் நோய் வெளிப்படுவதைத் தள்ளிப்போட, 2022இல் அமெரிக்கா அனுமதித்தது.

கேள்வி கேட்டவர்:
நன்றி. திங்கட்கிழமை இளையவளை அழைத்துச் செல்கிறேன்.