புதுப்பிப்பு: ஜோசலின் பெல் பர்னலின் பரிசுப் பணம்

அண்டவியலில் பெரிய பரிசுகள் எல்லாம் தலை நரைத்தவர்களுக்கே போகின்றன, ஆராய்ச்சி மாணவர்களுக்கு யார் கொடுக்கிறார்கள் என்று போன முறை புலம்பியிருந்தேன். வாசகர்கள் பதிலில் அதிகம் சொன்ன பெயர் பிரிட்டிஷ் வானியலாளர் ஜோசலின் பெல் பர்னல். சரி, அவர் கதை மட்டும் கொஞ்சம் விரிவாக.

1967இல் அவர் கேம்பிரிட்ஜில் முனைவர் பட்ட மாணவி. கம்பம் நட்டு, கம்பி இழுத்துக் கட்டி ரேடியோ தொலைநோக்கியை எழுப்பியவர்களில் ஒருவர். அது வானிலிருந்து வரும் ரேடியோ அலைகளைக் கோடாகப் பதிந்து, நாளொன்றுக்குச் சுமார் 30 மீட்டர் காகிதம் துப்பும். அத்தனையையும் கண்ணால் அலசுவது அவர் வேலை. அதில் அரை சென்டிமீட்டர் சொச்சத்துக்கு ஒரு கிறுக்கல். காகிதத்தை வேகமாக ஓடவிட்டுப் பதிந்தபோது, 1.33 வினாடிக்கு ஒரு துடிப்பு. அதுதான் முதலில் சிக்கிய பல்சார்: வேகமாகச் சுழன்றபடி, சீரான இடைவெளியில் ரேடியோ துடிப்பு அனுப்பும் நட்சத்திர எச்சம். 1974 நோபல் அவருடைய வழிகாட்டி ஆன்டனி ஹியூவிஷுக்கும் மார்ட்டின் ரைலுக்கும் போனது. (பெல் பர்னலுக்கு வருத்தமில்லையாம். நமக்குத்தான் ஆறவில்லை.)

2018இல் அவருக்கு அடிப்படை இயற்பியலுக்கான சிறப்பு பிரேக்த்ரூ பரிசு, 30 லட்சம் டாலர். சல்லிக்காசு வைத்துக்கொள்ளாமல் பிரிட்டனின் இயற்பியல் கழகத்திடம் கொடுத்துவிட்டார். பிரிட்டன், அயர்லாந்தில் இயற்பியல் முனைவர் பட்டத்துக்குப் படிக்கும் பெண்கள், சிறுபான்மை இனத்தவர், அகதிகள் போன்றோருக்கு அதிலிருந்து உதவித்தொகை போகிறது. வேலை முடிந்தபின் விழும் மாலையைவிட, படிக்கும்போதே கிடைக்கும் சோறு மேல் என்பது என் கட்சி.

அப்புறம், பல்சாருக்கும் அண்டவியலுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டவருக்கு: 2023 ஜூனில் ஈர்ப்பலைப் பின்னணிக்கு (அண்டமெங்கும் பரவிக் கிடக்கும் கால-வெளி அதிர்வுகளுக்கு) சான்று கிடைத்தது பல்சார் துடிப்புகள் வந்து சேரும் நேரத்தை அளந்துதான். அதில் புனே அருகிலுள்ள நம் ஜிஎம்ஆர்டி ரேடியோ தொலைநோக்கியின் தரவும் உண்டு.