ஹீட் ட்ரீட்மென்ட் முடிந்ததும் வெல்டு ஓரத்தில் கறுப்புக் கோடு

டி22 (குரோமியம் குறைந்த ஸ்டீல்) பாய்லர் ட்யூபை 304 ஸ்டெயின்லெஸ்ஸுடன் 309 ஸ்டெயின்லெஸ் கம்பியில் வெல்டு செய்து, 700 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்தோம். வெட்டி, ஆசிட் தடவிப் பார்த்தால் வெல்டு ஓரம் தலைமுடி மாதிரி கறுப்புக் கோடு. அதையொட்டி டி22 வெளுத்திருக்கிறது. கிராக்கா சார்?

பதில்: கிராக் இல்லை தம்பி, கார்பன் இடம்பெயர்ந்திருக்கிறது. டி22-இல் குரோமியம் 2.25 சதவீதம்தான், 309 கம்பியில் 23-க்கு மேல். கார்பன் குரோமியம் அதிகமுள்ள பக்கம்தான் ஓடும். வெளுத்த இடம் மெத்து, கறுத்த இடம் கெட்டி. ஹார்ட்னஸ் எடுத்துப் பாருங்கள், தெரியும்.

இன்னொருவர்: வெல்டுக்குள் தங்கிய ஸ்ட்ரெஸ் (உள் இழுவிசை) சூடாக்கியதில் முழுக்கப் போய்விட்டது என்றும் நம்பாதீர்கள். ஆறும்போது ஸ்டெயின்லெஸ் டி22-ஐ விட அதிகம் சுருங்கும். அதனால் ஸ்ட்ரெஸ் அப்போதே திரும்ப வந்துவிடும்.

அப்போ ஹீட் ட்ரீட்மென்ட்டே வேண்டாமா சார்?

பதில்: டி22-க்கு வேண்டும். முதலில் அதன் முனையில் இன்கோனெல் 82 என்ற நிக்கல் கலவைக் கம்பியால் ஐந்தாறு மில்லிமீட்டர் பட்டரிங் (வெல்டு உலோகப் படலம்) போட்டு, அதை மட்டும் சூடாக்கி எடுங்கள். அப்புறம் அதே கம்பியில் 304-ஐ வெல்டு செய்யுங்கள், மறுபடி சூடாக்க வேண்டியதில்லை. கம்பி விலையைக் கேட்டு முதலாளி முறைப்பார், அது வேறு கதை.