பாலியல் வழக்கு விசாரணையில் குற்றவாளியின் உளவியல் எங்கே உதவும்?

குற்றவியல் மாணவன், கோவை:
வணக்கமுங்க. குற்றவாளியின் மனப்போக்கை வைத்து 'ப்ரொஃபைல்' போடுவது நம்ம ஊர் வழக்குகளில் எந்தக் கட்டத்தில் கைகொடுக்கும்? கோர்ட்டில் நிற்குமா?

ஈரோடு வக்கீல்:
நிற்காதுங்க தம்பி. "இப்படிப்பட்ட ஆள்தான் செய்திருப்பான்" என்பது சாட்சியம் ஆகாது. 1986-ல் லண்டன் ரயில்வே தொடர் குற்றங்களில் டேவிட் கான்டர் என்ற உளவியலாளர் சம்பவ இடங்களை வரைபடத்தில் குறித்து, ஆள் எந்த வட்டாரத்தில் குடியிருப்பான் என்று கணித்தார். அது புதுப் பெயர் எதையும் தரவில்லை. போலீஸ் கையில் இருந்த நீண்ட சந்தேகப் பட்டியலில் யாரை முதலில் பார்ப்பது என்று காட்டியது.

தடயவியல் உளவியல், திருப்பூர்:
அதுவும் முகம் தெரியாத ஆள் என்றால்தான். இங்கே பதிவாகும் பாலியல் வன்கொடுமை வழக்குகளில் பத்துக்கு ஒன்பதுக்கு மேல் தெரிந்தவன்தானுங்க. அப்போது பார்க்க வேண்டியது, எப்படி நெருங்கினான், எதைச் சொல்லி வாயடைத்தான் என்பது. அவன் பேசிய வார்த்தைகளை அப்படியே பாதிக்கப்பட்டவரின் வாக்குமூலத்தில் எழுதுங்கள், சுருக்காதீர்கள்.

பொள்ளாச்சி வழக்கை எடுத்துக்கொள்ளுங்கள். பழகி நம்பவைத்தார்கள், தனியிடத்துக்குக் கூட்டிப் போனார்கள், வீடியோ எடுத்து மிரட்டினார்கள். இப்படிப்பட்டவனுக்கு வீடியோதான் பிடி, அதனால் லேசில் அழிக்க மாட்டான். பாதிக்கப்பட்டவர் ஒருவர்தான் என்றும் எடுத்துக்கொள்ளக் கூடாது. போன் கைக்கு வந்ததும் ஃப்ளைட் மோடில் போடணும், இல்லாவிட்டால் வெளியிலிருந்தே அழித்துவிடுவார்கள். மெமரி கார்டு, ஆன்லைன் சேமிப்பு எதையும் விடக்கூடாது. ஹாஷ் மதிப்போடு (கோப்பு மாறவில்லை என்று காட்டும் எண்) புதிய சாட்சியச் சட்டத்தின் (பாரதிய சாக்ஷ்ய அதினியம்) 63-ஆவது பிரிவுச் சான்றிதழ், அதாவது மின்னணுச் சாட்சியத்துக்கான சான்றிதழ், இல்லாமல் போனால் எதிர்த்தரப்பு அங்கேதான் கை வைக்கும்.

மாணவன்:
பிடிபட்ட ஆளிடம் எப்படிப் பேசணுமுங்க?

ஈரோடு வக்கீல்:
கத்தினால் வாயை மூடிக்கொள்வான். "அந்தப் பொண்ணுக்கும் சம்மதம்" என்பதுதான் பெரும்பாலும் முதல் பேச்சு. மறுக்காமல் பேசவிட்டு, நேரம், போன வழி, யார் யாருக்குப் போன் செய்தான் என்று சரிபார்க்கக்கூடிய விவரங்களை வாங்கி, அழைப்புப் பதிவோடும் டவர் இடத்தோடும் ஒப்பிடணும். போலீஸிடம் கொடுக்கும் ஒப்புதல் செல்லாது. அதை வைத்துக் கண்டெடுத்த பொருள் சம்பந்தப்பட்ட பகுதி மட்டும் செல்லும். ஆளின் சம்மதமில்லாமல் நார்கோ (மருந்து கொடுத்துப் பேசவைக்கும் சோதனை), பாலிகிராஃப் (பொய் கண்டறியும் கருவிச் சோதனை) கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2010-லேயே சொல்லிவிட்டது.

தடயவியல் உளவியல், திருப்பூர்:
ஒன்று விட்டுப்போச்சுங்க. பொள்ளாச்சியில் புகார் கொடுத்தவரின் பெயரே 2019-ல் வெளியே வந்து, 25 லட்சம் ரூபாய் இழப்பீடு தர உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டது. "ஊருக்கே தெரிஞ்சிரும்" என்ற பயத்தை வைத்துத்தான் அவன் மிரட்டுகிறான். ஒரு பெயர் கசிந்தாலும் மற்ற பெண்கள் ஸ்டேஷன் வாசலை மிதிக்க மாட்டார்கள்.