கெல்வினைக் கூட்டினால் படம் மஞ்சளாவது மென்பொருளின் பிழையா?

ஒளிவேட்டை: "10,000 கெல்வின் என்பது நீல ஒளி; எனவே லைட்ரூம் என்ற படத்திருத்த மென்பொருளில் அந்த எண்ணைக் கூட்டும்போது படம் மஞ்சளாவது பிழை" என்று நிழலோவியர் எழுதியதைப் படித்ததும் எரிச்சல்தான் வந்தது. கெல்வின் என்பது ஒளியின் நிறத்தைக் குறிக்கும் அலகு; அந்த எண் படத்தின்மேல் பூசப்படும் நிறம் அன்று. படமெடுத்த இடத்தின் ஒளி எப்படி இருந்தது என்று மென்பொருளுக்கு நாம் சொல்லும் தகவல் அது. ஒளி 7500 கெல்வின், அதாவது நீலம் மிகுந்தது என்று சொன்னால், அந்த நீலத்தை ஈடுகட்ட மென்பொருள் மஞ்சளைக் கூட்டுகிறது.

நிழலோவியர்: பாடம் வேண்டாம். 1900 கெல்வினில் எரியும் மெழுகுவர்த்தி மஞ்சளாகத் தெரிகிறது. அந்த எண்ணை மாற்றும் ஸ்லைடரை 1900 பக்கம் கொண்டுபோனால் படம் நீலமாகிறது. இது தலைகீழ் இல்லையென்றால் வேறெது?

ஒளிவேட்டை: நண்பகல் வெயிலில் கேமராவை 3200 கெல்வினில் வைத்து ஒரு வெள்ளைச் சட்டையைப் படமெடுத்துப் பாருங்கள். சட்டை நீலம் பாய்ந்து வரும். கேமராவும் அதே கணக்கில்தான் இயங்குகிறது.

சாம்பல்அட்டை: இருவரும் வீணாக மல்லுக்கட்டுகிறீர்கள். கிரே கார்டை, அதாவது நிறச்சாயல் இல்லாத சாம்பல் அட்டையை வைத்து ஒரு படம் எடுத்து, அதில் ஐட்ராப்பரை, அதாவது சொடுக்கிய இடத்தை நடுநிலை நிறமாகக் கொண்டு படத்தைச் சரிசெய்யும் கருவியைச் சொடுக்கினால் வேலை முடிந்தது.

ஒளிவேட்டை: அந்தி வானத்திலும் அப்படிச் சொடுக்கி, பொன்னிறம் முழுவதையும் துடைத்தெறியச் சொல்வீர்கள் போலும். சென்ற முறையும் இதையே சொன்னீர்கள். வெளிறிப்போன வெள்ளையில் சொடுக்கினால் அளவீடே தவறும் என்று நான் எழுதியதற்கு இன்றுவரை பதில் இல்லை.

சாம்பல்அட்டை: அட்டையில் சொடுக்கச் சொன்னேனே தவிர வானத்தில் அன்று. எழுதியதைப் படித்துவிட்டுச் சண்டைக்கு வாருங்கள்.

நிழலோவியர்: ஜேபெக் கோப்பில் கெல்வினே இல்லை, −100 முதல் +100 வரைதான் இருக்கிறது. அந்த எண் வெறும் அலங்காரம் என்பதற்கு இதுவே சான்று.

ஒளிவேட்டை: ஜேபெக்கில் வெண்சமநிலை, அதாவது வெள்ளை வெள்ளையாகவே தெரியச் செய்யும் நிறத்திருத்தம், ஏற்கெனவே கலந்துவிட்டதால் அங்கே கெல்வின் காட்ட வழியில்லை, கேமரா பதப்படுத்தாமல் சேமிக்கும் ரா கோப்பில் சென்சாரின் அளவுகள் அப்படியே இருப்பதால் காட்ட முடிகிறது. 3000-லிருந்து 3500-க்குப் போவது ஏறத்தாழ 48 மைரெட் (பத்து லட்சத்தைக் கெல்வின் எண்ணால் வகுத்தால் வரும் அளவு) மாற்றம், 6000-லிருந்து 6500-க்குப் போவது வெறும் 13. அலங்கார எண்ணுக்கு இப்படியொரு கணக்கு எதற்கு?

நிழலோவியர்: மைரெட்டைக் கொண்டுவந்து பேச்சை மாற்றாதீர்கள். எண்ணைக் கூட்டினால் படம் மஞ்சளாகிறதா, இல்லையா?

ஒளிவேட்டை: ஆகிறது. ஆகத்தான் வேண்டும். ஏன் என்பதை என் முதல் பதிவிலேயே எழுதிவிட்டேன்.

நிழலோவியர்: ஆக, ஆகிறது என்று ஒப்புக்கொண்டுவிட்டீர்கள்.