மறு: உழாமல் நடும் உருளைக்கிழங்கு – என்ன சொல் போடலாம்?

அன்புள்ள நண்பர்களுக்கு,

> 'சுழிய உழவு' என்றே போட்டுவிடலாமே, பாடநூலில் இருக்கிறது.

'ஜீரோ டில்லேஜ்' என்பதை அப்படியே பெயர்த்த அந்தச் சொல் பாடநூலில் இருக்கிறது, வயலில் இல்லை. சம்பா அறுப்புக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்னால் மண் மெழுகுப் பதத்தில் இருக்கும்போது, நிற்கிற கதிருக்குள் உளுந்தை வீசிவிட்டு வருகிறோமே, அதை டெல்டாவில் யாராவது சுழிய உழவு என்று சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? தரிசு உளுந்து என்போம். ஏர் பூட்டவில்லை என்பது அந்தப் பெயரிலேயே அடங்கிவிட்டது. (இப்போது அறுவடை எந்திரம் ஏறி முளையெல்லாம் நசுங்குகிறது. அது வேறு புலம்பல்.)

சரி, நாம் பெயர் தேடுகிற முறைக்கு வருகிறேன். மேற்கு வங்கத்தின் சுந்தரவனத்துக் கோசாபா தீவிலும் வங்கதேசக் கடலோரத்திலும் உருளைக்கிழங்கை இப்படிச் செய்கிறார்கள். நெல் அறுத்த ஈரத்திலேயே, உழாமல், விதைக்கிழங்கை மண்மேல் வைத்து எருவிட்டு, வைக்கோலைக் கனமாகப் பரப்பிவிடுவார்கள். களிமண் காய்ந்து உழவுக்கு வரும்வரை காத்திருந்தால் குளிர் போய்விடும். இரவு வெப்பம் 20 டிகிரியைத் தாண்டத் தாண்ட உருளையில் கிழங்கு பிடிப்பது குறையும். குளிர்காலம் சுருங்கச் சுருங்க, முந்திக்கொள்கிற அந்தச் சில வாரங்கள்தான் விளைச்சல். வைக்கோல் ஈரத்தைக் காப்பதால் அடியிலிருக்கும் உப்பும் மேலே ஏறாது. அறுவடைக்கு மண்வெட்டி வேண்டாம், வைக்கோலை விலக்கிப் பொறுக்கினால் போதும்.

இதற்கு 'மூடாக்கு' போதாது என்பதுதான் என் வாதம். மூடாக்கு மண்ணை மூடும். இங்கே வைக்கோல் மண்ணுக்குப் பதிலாகவே நிற்கிறது. வெளிச்சம் பட்டால் கிழங்கு பச்சை பிடிக்கும், சொலனின் என்ற நஞ்சு கூடும். நீலகிரியில் செடிக்கு மண் அணைப்பது அதைத் தடுக்கவும்தான். அந்த வேலையை இங்கே வைக்கோல் எடுத்துக்கொள்கிறது. அதனால்தான் 'வைக்கோலணை' என்றேன். பஞ்சணை போல, கிழங்குக்கு ஒரு படுக்கை.

> கல்லணைத் தண்ணீர் குடித்தவர்களிடம் போய் வைக்கோலணை என்றால், எந்த ஆற்றில் என்று கேட்பார்கள்.

சிரித்துவிட்டேன். நியாயம்தான். வாய்க்கால் உடைப்பை வைக்கோலைத் திணித்து அடைத்த ஊர்க்காரன் எனக்கே அது முதலில் தோன்றியிருக்க வேண்டும். திரும்பப் பெறுகிறேன்.

'தாளணை' என்று திருவாரூர் ஐயா சொன்னது காதுக்கு இனிமை, குறுவைக்குப் பின் நடுகிற தாளடிக்குப் பக்கத்து வீடு மாதிரி. ஆனால் நமக்குத் தாள் என்பது அறுத்தபின் வயலில் நிற்பது, வைக்கோல் அடித்தபின் போரில் கிடப்பது. பரப்புவது வைக்கோலைத்தான். இளைய பிள்ளைகளோ தாள் என்றால் காகிதம் என்பார்கள். அப்புறம் 'அணை' சிக்கல் அதிலும் இருக்கிறது.

ஆகவே இரண்டாகப் பிரிக்கலாம். செயலுக்கு 'வைக்கோல் அணைப்பு': 'மண் அணைப்பு' ஏற்கெனவே புழக்கத்தில் இருப்பதால் விளக்கமே வேண்டாம். முறைக்கு 'உழா நடவு'. பயிரின் பெயரை இதில் சேர்க்காதீர்கள்.

> நம்மூரில் உருளை வருமா என்று முதலில் பார்ப்போம்.

நானும் நம்பவில்லை. அங்கே கார்த்திகை, மார்கழியில் நெல்லை அறுத்தால் குளிர் முன்னால் காத்திருக்கிறது. நமக்கு ஐப்பசி, கார்த்திகையில்தான் அடைமழை. சம்பா தையில் அறுத்து நிமிர்வதற்குள் மாசி வெயில் வந்துவிடும். வெப்பம் தாங்கும் உருளை ரகமான குஃப்ரி சூர்யாவுக்கும் இரவுக் குளிர் ஓரளவு வேண்டும். ஆனால் வேதாரண்யம் பக்கத்து உப்பும் சுந்தரவனத்து உப்பும் ஒரே கதைதான். வேறு ஏதாவது பயிருக்கு இந்த முறை வரக்கூடும், அப்போது சொல் தயாராக இருக்கட்டும். வைக்கோல் மிஞ்சுமா என்பதுதான் சந்தேகம். இப்போதெல்லாம் அறுத்த கையோடு எந்திரத்தில் சுருட்டிக் கட்டி லாரியில் ஏற்றிவிடுகிறார்கள்.

நாகை, வேதாரண்யம் நண்பர்கள் ஒன்று செய்யுங்கள். செடியடியில் வைக்கோல் போடுவதற்கு உங்கள் வீட்டுப் பெரியவர்கள் என்ன வினைச்சொல் சொல்கிறார்கள் என்று கேட்டு எழுதுங்கள். 'அணைத்தல்' இல்லாமல் வேறு சொல் வந்தால், மேலே எழுதியதை அடித்துவிட்டு அதையே போடுவோம்.